மாலெமே: விடிவதற்கு முன் போயிருக்க வேண்டிய படை

இரண்டாம் உலகப் போரில் கிரேக்கத்தின் கிரீட் தீவில் நடந்த சண்டையைப் பற்றி எதைப் படித்தாலும் என் மனசு கடைசியில் ஒரே ஓர் இரவில் போய் நின்றுவிடுகிறது. 1941 மே 21 ராத்திரி. தீவின் வடக்குக் கரையில் பிளாட்டானியாஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில், நியூசிலாந்தின் 28-வது மாவோரி பட்டாலியன், அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் காலாட்படைப் பிரிவு, இருட்டில் தயாராகக் காத்திருக்கிறது. கூடவே போக வேண்டிய 20-வது பட்டாலியன் இன்னும் வந்து சேரவில்லை. ஜெர்மானியர் கைக்குப் போன மாலெமே விமானத்தளத்தைத் திரும்பப் பிடிக்கும் தாக்குதலுக்குக் குறித்த நேரம் நள்ளிரவு தாண்டி 1 மணி. ஒன்று ஆகிறது, இரண்டு ஆகிறது, மூன்றும் ஆகிறது. மே மாதத்தில் அங்கே சீக்கிரமே விடிந்துவிடும். விடிந்தால் வானம் ஜெர்மன் விமானங்களுடையது. அங்கே உட்கார்ந்திருந்த கடைசிச் சிப்பாய்க்கும் அது தெரியும்.

கிரீட் என்றதும் எல்லோரும் பேசுவது வானத்திலிருந்து இறங்கிய ஜெர்மன் பாராசூட் வீரர்களைப் பற்றித்தான். வெறும் விமானப் படையையும் குடைவீரர்களையும் வைத்து ஒரு பெரிய தீவைப் பிடிக்கப் பார்த்த முதல் முயற்சி அது, சரி. ஆனால் அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளும் எப்படிப் போகும் என்று முடிவானது தரையில்தான். நியூசிலாந்து, ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ், கிரேக்கக் காலாட்படைகள் திருப்பி அடித்த இடங்களிலும், திருப்பி அடிக்க நேரம் தவறிய இடங்களிலும். எதிர்த்தாக்குதலில் வீரம் எவ்வளவு முக்கியமோ அதைவிட நேரம் முக்கியம் என்பதை இந்தச் சண்டை அளவுக்குத் தெளிவாகக் காட்டுகிற வேறொன்றை நான் படித்ததில்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று நம் ஊரில் சொல்வது போர்க்களத்துக்கு அப்படியே பொருந்தும்.

ஏன் நேரம் அவ்வளவு முக்கியம்? அன்றைய ஜெர்மன் பாராசூட்டைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கயிறுகள் எல்லாம் முதுகுப் பக்கம் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும். வீரன் முகம் கீழே பார்த்தபடி தொங்கிக்கொண்டு வருவான். கையால் கயிற்றை இழுத்துத் திசை திருப்ப வழி கிடையாது. காற்று கொண்டுபோய்ப் போடுகிற இடத்தில் கையும் முழங்காலும் ஊன்றி விழ வேண்டியதுதான். பெரும்பாலானவர்களிடம் இருந்தது கைத்துப்பாக்கி, கத்தி, சில கையெறி குண்டுகள், அவ்வளவுதான். ரைஃபிளும் இயந்திரத் துப்பாக்கியும் தனிப் பெட்டிகளில் தனிப் பாராசூட்டில் இறங்கும். விழுந்து, கட்டை அவிழ்த்து, ஒலிவ மரங்களுக்கு நடுவே பெட்டி எங்கே கிடக்கிறது என்று தேடி ஓட வேண்டும். உலகத்திலேயே கடுமையான பயிற்சி பெற்ற அந்தப் படை, இறங்கிய முதல் சில நிமிடங்களுக்கு ஏறக்குறைய நிராயுதபாணி. பெட்டி கைக்குக் கிடைத்து, பத்துப் பேர் சேர்ந்து, ஒரு அதிகாரி வந்துவிட்டால் கதையே வேறு.

மே 20 காலையில் மாலெமே விமானத்தளத்துக்குக் கிழக்கே இது நேராகவே நடந்தது. ஜெர்மன் தாக்குதல் ரெஜிமென்டின் மூன்றாவது பட்டாலியன், மேஜர் ஷெர்பர் தலைமையில், ஆள் இல்லாத இடம் என்று நினைத்து இறங்கிய தோப்பு 23-வது நியூசிலாந்து பட்டாலியன் பதுங்கியிருந்த தோப்பு. அந்தப் பட்டாலியனின் தலைவர் லெக்கி தன் தலைமையகத்தில் இருந்தபடியே ஐந்து பேரைச் சுட்டார். அவருடைய அலுவல் அதிகாரி, மேஜையாக வைத்திருந்த மரப்பெட்டியை விட்டு எழாமலேயே இரண்டு பேரைச் சுட்டார். இறங்கிய சுமார் 600 பேரில் 400 பேருக்கு அருகில் செத்தார்கள். ஷெர்பரும் செத்தார். மேற்கே கஸ்தெல்லியில் இறங்கிய 72 பேரின் தாக்குதலைக் கிரேக்கப் படையும் ஊர் மக்களும் சேர்ந்து ஒரே நாளில் முறியடித்துவிட்டார்கள். அந்தக் கிரேக்கர்களிடம் தோட்டா குறைவு, பலரிடம் துப்பாக்கியே சரியில்லை. உயிர் தப்பிய ஜெர்மானியர்களை அங்கிருந்த நியூசிலாந்து மேஜர் ஒருவர் ஊர்ச் சிறையில் அடைத்து வைத்தார், மக்கள் கையில் சிக்காமல் இருப்பதற்காக.

இப்படி எங்கெல்லாம் உடனே பாய்ந்தார்களோ அங்கெல்லாம் ஜெயித்தார்கள். பாயத் தவறிய ஓர் இடம் மாலெமே விமானத்தளம். துரதிர்ஷ்டம், தீவைப் பிடிக்க அந்த ஓர் இடமே போதுமானதாக இருந்தது.

மாலெமேயைக் காத்தது 22-வது நியூசிலாந்து பட்டாலியன். அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் லெஸ்லி ஆண்ட்ரூ முதல் உலகப் போரில் வீரத்துக்கான மிக உயர்ந்த பிரிட்டிஷ் பதக்கமான விக்டோரியா கிராஸ் வாங்கியவர். ஆக, பயந்து ஓடினார் என்று சொல்லிவிட முடியாத மனிதர். ஓடுதளம், அதற்குத் தெற்கே 107 என்று வரைபடத்தில் குறித்த குன்று, மேற்கே தவ்ரோனிதிஸ் ஆற்றின் அகலமான கல் படுகை, இவ்வளவையும் ஒரே பட்டாலியன் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் காவலே இல்லை. ஜெர்மானியர்கள் அங்கேதான் நிம்மதியாக இறங்கிக் கூடினார்கள். குண்டுவீச்சில் தொலைபேசிக் கம்பிகள் அறுந்துபோயின. வயர்லெஸ் விட்டுவிட்டுத்தான் வேலை செய்தது. பட்டாலியனின் உட்பிரிவுகளான தன் கம்பெனிகளில் எது உயிரோடு இருக்கிறது, எது அழிந்தது என்றே ஆண்ட்ரூவுக்குத் தெரியவில்லை. முன்பே பேசி வைத்தபடி 23-வது பட்டாலியனை உதவிக்கு அனுப்பச் சொல்லி மாலையில் தன் மேலதிகாரி பிரிகேடியர் ஹார்கெஸ்டிடம் கேட்டார். அவர்கள் தங்கள் பகுதியில் இறங்கிய பாராசூட் வீரர்களோடு சண்டையில் இருக்கிறார்கள், அனுப்ப முடியாது என்று பதில் வந்தது. உண்மையில் 23-வது பட்டாலியன் அந்த வேலையை அதற்கு முன்பே ஏறக்குறைய முடித்துவிட்டிருந்தது.

ஆண்ட்ரூவிடம் மிச்சம் இருந்தது இரண்டு மட்டில்டா டாங்குகளும் பிளட்டூன் எனப்படும் ஒரு சிறு அணியும். 5 மணி வாக்கில் அவற்றை அனுப்பினார். ஒரு டாங்கில், கொடுத்த குண்டுகள் பீரங்கிக்குள் நுழையவே இல்லை, மேல்கூடும் சரியாகத் திரும்பவில்லை. போகிற வழியிலேயே திரும்பி வந்துவிட்டது. இன்னொன்று தைரியமாக ஆற்றுப்படுகை வரை இறங்கி, பாலத்தைத் தாண்டி, உருண்டைக் கற்களில் வயிறு தட்டி நின்றுவிட்டது. கூடப் போன காலாட்கள் திறந்த வெளியில் மாட்டினார்கள். திரும்பி வந்தவர்கள் சிலரே, அவர்களிலும் பெரும்பாலானவர்களுக்குக் காயம். அந்தக் குண்டுகளைச் சண்டைக்கு முந்தின வாரம் யாராவது ஒருவர் பீரங்கிக்குள் போட்டுப் பார்த்திருக்கக் கூடாதா என்று இன்றும் எனக்கு ஆறவில்லை.

பின்வாங்க வேண்டியிருக்கலாம் என்று ஆண்ட்ரூ சொன்னபோது, வேறு வழியில்லை என்றால் பின்வாங்கத்தான் வேண்டும் என்கிற மாதிரி ஒரு வாக்கியத்தில் ஹார்கெஸ்டின் பதில் முடிந்தது. இரவில் ஆண்ட்ரூ குன்றை விட்டு விலகினார். அழிந்துவிட்டதாக அவர் நினைத்த இரண்டு கம்பெனிகளும் அப்போது ஓடுதளத்தின் ஓரத்திலும் ஆற்றங்கரையிலும் அதே குழிகளில் இருந்தன. இடம் கைவிடப்பட்டது அவர்களுக்கு நடு இரவுக்குப் பிறகே தெரிந்தது. ஓடுதளத்துக் கம்பெனிக்காரர்கள் பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, குறட்டை விட்டுத் தூங்கும் ஜெர்மானியர்களைத் தாண்டி நடந்து வெளியேறினார்கள். எதிரி அந்த அளவுக்கு ஓய்ந்து போயிருந்தான். முதல் நாள் மாலைக்குள் மாலெமே பக்கத்து ஜெர்மன் தளபதி மைண்டல் படுகாயம் பட்டிருந்தார். பாராசூட் டிவிஷனின் தளபதி ஸூஸ்மான் வருகிற வழியிலேயே அவர் வந்த கிளைடர் என்ற இயந்திரமில்லா விமானம் நொறுங்கிச் செத்திருந்தார். ஏதென்ஸில் இருந்து இந்த வான்வழித் தாக்குதலை நடத்திய ஜெனரல் ஷ்டூடன்ட்டின் கையில் இருந்த ரிசர்வ் மிகக் கொஞ்சம். அந்த இரவு ஒரு பலமான எதிர்த்தாக்குதல் வந்திருந்தால் தாங்கியிருக்க முடியாது என்று அவரே பிற்காலத்தில் சொன்னார். அந்த இரவு யாரும் வரவில்லை.

இதே மே 20-ல், இதே தீவில், கிழக்கே ரெதிம்னோவில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே தளபதி லெப்டினன்ட் கர்னல் இயன் கேம்பல், ஆஸ்திரேலியர். அவரிடம் இரண்டு ஆஸ்திரேலிய பட்டாலியன்கள், அரைகுறை ஆயுதத்தோடு கிரேக்கப் படைகள், ஊருக்குள் கிரீட் ஜெண்டார்ம் போலீஸ், இரண்டு மட்டில்டா டாங்குகள். முதல் நாள் மாலை அவருக்கும் எல்லாம் கோணலாகத்தான் போயிற்று. விமான ஓடுபாதைக்குக் கிழக்கே இருந்த குன்றை, அவர்கள் குன்று ‘ஏ’ என்று பெயர் வைத்திருந்ததை, ஜெர்மானியர்கள் பிடித்துவிட்டார்கள். இரண்டு டாங்குகளும் பள்ளத்தில் விழுந்து மாட்டிக்கொண்டன. மேலிடத்தில் உதவி கேட்டார், அனுப்ப ஆள் இல்லை என்று பதில் வந்தது. இதுவரை ஆண்ட்ரூவின் கதையேதான்.

கேம்பல் பின்வாங்கவில்லை. விடிந்ததும் தாக்கு என்று உத்தரவு போட்டார். முதல் முயற்சி குன்றின் மேலேயே முட்டி நின்றது, ஜெர்மானியர்களும் அதே நேரத்தில் இறங்கித் தாக்க வந்துவிட்டதால். உடனே அவர் பக்கத்துக் கம்பெனிகளிலிருந்து ஆள் பிடுங்கி கேப்டன் மோரியார்ட்டியின் கீழ் சேர்த்தார். மோரியார்ட்டி அவர்களை நான்கு கூட்டமாகப் பிரித்துக் குன்றின் மேல் ஏற்றினார். இதற்கு நடுவே ஒரு ஜெர்மன் விமானம் தன் ஆட்கள் மேலேயே குண்டு போட்டது. மதியத்துக்குள் குன்று திரும்பக் கைக்கு வந்துவிட்டது. தப்பிய பாராசூட் வீரர்கள் ஸ்தவ்ரோமெனோஸ் என்ற இடத்தில் ஓர் ஒலிவ எண்ணெய் ஆலைக்குள் போய் அடைந்துகொண்டார்கள். அதே நாளில் அந்தப் பகுதியின் ஜெர்மன் தளபதி கர்னல் ஷ்டுர்ம் கைதானார், கையில் இருந்த உத்தரவுக் காகிதங்களோடு. அதில் விமானங்களுக்குத் தரையிலிருந்து காட்ட வேண்டிய துணிச் சைகைகளும் இருந்தன. ஆஸ்திரேலியர்கள் அவற்றை விரித்து வைத்து, ஜெர்மன் விமானங்களே தங்களுக்குச் சாமான் போடும்படி செய்தார்கள்.

இரண்டு தளபதிகளில் ஒருவர் கெட்டிக்காரர், ஒருவர் அசடு என்று நான் சொல்லவில்லை. ஆண்ட்ரூவின் எல்லைக்கு வெளியே எதிரி ஒன்றுசேர இடம் இருந்தது, கேம்பலுக்கு அந்தத் தொல்லை குறைவு. கேம்பல் தன் ஆட்களைக் கண்ணால் பார்க்க முடிந்தது. ஆனால் ஒன்று, மேலே யாரையும் கேட்காமல் பக்கத்துப் படையைக் கூட்டிக்கொண்டு பாயும் உரிமை கேம்பலிடம் இருந்தது. மாலெமேயில் அந்த உரிமை ஆறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, பிளாட்டானியாஸில் இருந்த பிரிகேடு தலைமையகத்தில் இருந்தது.

சரி, மே 21-க்கு வருவோம். அன்று காலையில் ஷ்டூடன்ட் ஒரே ஒரு யுங்கர்ஸ் போக்குவரத்து விமானத்தை மாலெமேயில் இறக்கிப் பார்க்கச் சொன்னார். அது சூட்டுக்கு நடுவே இறங்கி மறுபடி எழும்பிவிட்டது. மாலைக்குள் ஓடுதளத்தில் மலைப்படையினர் வந்து இறங்க ஆரம்பித்தார்கள். நியூசிலாந்துப் பக்கத்துப் பீரங்கிகள் சுட்டுக்கொண்டே இருந்தன. எரிந்த விமானங்களை இழுத்து ஓரம் தள்ளிவிட்டு அடுத்தது இறங்கியது. இதைத் தடுக்க இனி ஒரே வழி, இரவில் போய் ஓடுதளத்தைத் திரும்பப் பிடிப்பது.

தீவின் தலைமைத் தளபதி ஃப்ரைபர்க் அதற்குச் சம்மதித்தார். ஆனால் இரண்டே பட்டாலியன்தான், அதிலும் ஒரு நிபந்தனை. 20-வது பட்டாலியன் கனியாவுக்கு மேற்கே கடற்கரையைக் காத்துக்கொண்டிருந்தது. கப்பல்களில் ஒரு பெரிய ஜெர்மன் படை வந்து இறங்கும் என்று ஃப்ரைபர்க் உறுதியாக எதிர்பார்த்தார். ஆகவே வேறொரு படை வந்து அந்த இடத்தை ஏற்ற பிறகே 20-வது கிளம்பலாம். வர வேண்டியது 2/7-வது ஆஸ்திரேலிய பட்டாலியன், கிழக்கே ஜார்ஜியோபொலிஸில் இருந்து, லாரிகளில். வழியெல்லாம் விமானத் தாக்குதல். அவர்கள் வந்து சேர நேரமாகிவிட்டது.

இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. நள்ளிரவுக்குச் சற்று முன்னால் வடக்கே கடலில் வெளிச்சம் வெட்டி வெட்டி மின்னியதைக் கரையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அந்த ஜெர்மன் படகுக் கூட்டத்தைச் சிதறடித்துக்கொண்டிருந்தன. வந்தது போர்க்கப்பல்களின் படையெடுப்பு அல்ல, மீன்பிடிப் படகுகள் மாதிரியான சிறு பாய்மரங்களில் அடைத்த சிப்பாய்கள். எந்த ஆபத்துக்காக 20-வது பட்டாலியனைக் கரையில் நிறுத்தி வைத்தார்களோ அந்த ஆபத்து அவர்கள் கண்ணெதிரே கடலில் எரிந்து முடிந்தது. அப்புறமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் அவர்கள் கிளம்பவில்லை.

தாக்குதல் தொடங்கியது 3.30-க்கு. சாலைக்கும் கடலுக்கும் நடுவே 20-வது, சாலைக்குத் தெற்கே மாவோரிகள், சாலையில் லெப்டினன்ட் ராய் ஃபாரனின் மூன்று இலகு டாங்குகள். 20-வது பட்டாலியனிலும் எல்லோரும் வரவில்லை, முதலில் வந்த இரண்டு கம்பெனிகள் காத்திராமல் கிளம்பிவிட்டன. வழி நெடுக வீடுகளிலும் தோட்டச் சுவர்களுக்குப் பின்னாலும் முந்தின நாள் இறங்கிய பாராசூட் வீரர்கள் சிறுசிறு கூட்டமாக ஒளிந்திருந்தார்கள். இருட்டில் எங்கிருந்து சூடு வருகிறது என்று தெரியாது. துப்பாக்கிமுனைக் கத்தியும் கையெறி குண்டும் வைத்து ஒவ்வொரு வீடாகத் துப்புரவு செய்துகொண்டு போனார்கள். சார்லஸ் அப்ஹாம் என்ற லெப்டினன்ட்டின் பிளட்டூன் இப்படி ஒன்றன்பின் ஒன்றாக இயந்திரத் துப்பாக்கிக் கூடுகளை அடித்து நொறுக்கிக்கொண்டு போனது. அப்ஹாமுக்கு அப்போது வயிற்றுப்போக்கு, நிற்கத் தெம்பில்லாத நிலை. கிரீட்டில் அவர் செய்ததற்காக விக்டோரியா கிராஸ் கிடைத்தது, அடுத்த வருஷம் எகிப்தில் செய்ததற்காக இரண்டாவதும் கிடைத்தது. போரிட்ட சிப்பாயாக அதை இரண்டு முறை வாங்கியவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

ஒவ்வொரு வீடும் கொஞ்ச நேரத்தை விழுங்கியது. விமானத்தளத்தின் ஓரத்தை 20-வது பட்டாலியன் தொட்டபோது நன்றாக விடிந்துவிட்டது. எதிரே திறந்த வெளி, உடைந்த விமானங்களின் குவியல். அதற்குப் பின்னாலிருந்து மோர்ட்டாரும் இயந்திரத் துப்பாக்கியும். மேலே போர் விமானங்கள் தாழப் பறந்து சுட்டன. முன்னால் போன டாங்கு அடிபட்டு நின்றது, மற்ற இரண்டும் பயன்படவில்லை. மாவோரிகள் தெற்குப் பக்கம் மல்லுக்கட்டினார்கள், குன்றை எட்ட முடியவில்லை. முன்னால் மாட்டியிருந்த ஒரு கம்பெனிக்குத் திரும்பி வரச் சொல்லும் செய்தியை எடுத்துக்கொண்டு அப்ஹாமே திறந்த வெளியில் போய் வந்தார்.

அந்தக் காலையில் பிளாட்டானியாஸிலிருந்து ஹார்கெஸ்ட் விமானத்தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விமானங்கள் இறங்குவதும் ஏறுவதும் தெரிந்தது. எதிரி தன் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகப் பார்க்கிறான் போலிருக்கிறது என்று டிவிஷனுக்குச் செய்தி அனுப்பினார். வந்து இறங்கிய ஒவ்வொரு விமானமும் புதுப் படையைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தது.

107 குன்றில் இப்போது ஜெர்மன் வீரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நான் அங்கே நின்று பார்த்திருக்கிறேன். 4,400-க்கும் மேற்பட்டவர்கள், தரையோடு பதித்த கல் பலகைகளில், ஒரு கல்லுக்கு இரண்டு பேர். பெயரையும் வயதையும் படித்துக்கொண்டே போனால் பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று என்று வந்துகொண்டே இருக்கும். போரின்போது கிரேக்க எதிர்ப்புப் படைக்குத் தூதுவனாக மலை மலையாக ஓடிய யோர்கோஸ் சைகுண்டாகிஸ் பிற்காலத்தில் இந்த இடத்தைப் பராமரிக்கும் வேலை பார்த்தார். குன்றிலிருந்து பார்த்தால் ஓடுதளம் காலடியில் கிடக்கிறது. வரைபடத்தில் பார்த்தபோது எனக்கு அந்த நெருக்கம் உறைக்கவே இல்லை. இந்தக் குன்று யார் கையில் இருக்கிறதோ அவன் அனுமதிக்காமல் கீழே ஒரு விமானமும் நிம்மதியாக இறங்க முடியாது. ஒரு ராத்திரி, வெறும் சில மணி நேரம், இது யாருடைய கையிலும் இல்லாமல் கிடந்திருக்கிறது.

மாலெமே போன பிறகு நடந்ததெல்லாம் பின்வாங்கல்தான். ஆனாலும் அந்தப் பின்வாங்கலுக்குள்தான் இந்தச் சண்டையின் மிகப் பெரிய எதிர்த்தாக்குதல்கள் வருகின்றன. கலாட்டாஸ் என்ற சின்ன ஊரை எடுத்துக்கொள்ளலாம். மே 22-ல் அந்த ஊர்ப் பக்கம் ஜெர்மானியர்கள் நெருங்கியபோது, மைக்கேல் ஃபாரெஸ்டர் என்ற பிரிட்டிஷ் கேப்டன் ஒரு விசிலை ஊதிக்கொண்டு ஒலிவ மரங்களுக்கு நடுவே முன்னால் ஓடினார். பின்னால் சுமார் நூறு கிரேக்கச் சிப்பாய்களும் ஊர்க்காரர்களும், பெண்கள் உட்பட, கத்திக்கொண்டே ஓடினார்கள். கையில் கிடைத்ததை ஆயுதமாக வைத்துக்கொண்டு வந்த அந்தக் கூட்டத்தைக் கண்டு ஜெர்மானியர்கள் திரும்பி ஓடினார்கள்.

மே 25 மாலை கதை வேறு. இப்போது எதிரியிடம் பாராசூட் வீரர்களோடு புதிதாக வந்த மலைப்படையும் இருந்தது. 18-வது நியூசிலாந்து பட்டாலியனின் வரிசை உடைந்து, கலாட்டாஸ் கைமாறியது. சிதறி ஓடிவந்தவர்களுக்கு நடுவே கர்னல் கிப்பன்பெர்கர் நடந்து, நியூசிலாந்துக்காக நில்லுங்கள் என்று கத்தினார். நின்றார்கள். ஃபாரன் மிச்சமிருந்த இரண்டு டாங்குகளோடு வந்தார். ஊருக்குள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி, உள்ளே ஜெர்மானியர்கள் நிரம்பிக் கிடக்கிறார்கள் என்றார். இரண்டாவது டாங்கில் இருவருக்குக் காயம். அந்த இடத்துக்கு இரண்டு நியூசிலாந்துக்காரர்கள் முன்வந்தார்கள். டாங்கை எப்படி ஓட்டுவது, எப்படிச் சுடுவது என்று அங்கேயே சாலையோரத்தில் சில நிமிடங்கள் சொல்லிக்கொடுத்தார், அவ்வளவுதான் பயிற்சி.

23-வது பட்டாலியனின் இரண்டு கம்பெனிகள் வந்தன. ஆட்கள் கொஞ்சமே மிச்சமிருந்த, ஐந்து நாள் தூங்காத கம்பெனிகள். சுற்றி நின்ற வேறு படைக்காரர்களும் கத்தியை மாட்டிக்கொண்டு சேர்ந்துகொண்டார்கள். உடைந்துபோன 18-வது பட்டாலியனின் தலைவர் கிரே, கையில் ரைஃபிளோடு சாதாரணச் சிப்பாயைப் போல வந்து வரிசையில் நின்றார். இருட்டுகிற நேரம். டாங்குகள் முன்னால் போக, எல்லோரும் ஓட ஆரம்பித்தார்கள், ஓடும்போதே ஒரு கூச்சல் எழும்பியது. தூரத்துக் குன்றுகளில் இருந்தவர்கள் அந்தக் கூச்சலைக் கேட்டு உடம்பு சிலிர்த்ததாக எழுதியிருக்கிறார்கள். குறுகலான தெருக்கள், ஜன்னல்களிலிருந்தும் கூரைகளிலிருந்தும் சூடு. ஊர்ச் சதுக்கத்தில் ஃபாரனின் டாங்கு அடிபட்டது. இரண்டு காலிலும் காயத்தோடு வெளியே ஊர்ந்து ஒரு சுவரோரம் கிடந்தபடி, விடாதீர்கள், அடித்து விரட்டுங்கள் என்று அவர் கத்திக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் ஊரின் பெரும்பகுதி திரும்பக் கைக்கு வந்தது.

ஆனால் அதை வைத்துக்கொள்ள ஆள் இல்லை. அன்று இரவு ஒரு சின்ன அறையில் தளபதிகள் கூடிப் பேசினார்கள். முழு பலத்தோடு மிச்சமிருந்தது ஏறக்குறைய மாவோரி பட்டாலியன் மட்டும். முடியுமா என்று அதன் தலைவர் டிட்மரிடம் கேட்டார்கள், முயன்று பார்க்கிறேன் என்றார். இதை ஒரு பட்டாலியனால் செய்ய முடியாது என்று கிப்பன்பெர்கர் எடுத்துச் சொன்னார். கலாட்டாஸை விட்டு விலக முடிவாயிற்று. காயம்பட்ட பலரை அங்கேயே விட்டுவிட்டு வர நேர்ந்தது. வீண் தாக்குதல் என்று இதைச் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மாலை அவர்கள் பாயாமல் இருந்திருந்தால், உடைந்த வரிசை வழியாக எதிரி அன்றிரவே கனியாவுக்குள் வந்திருப்பான். பின்னால் இருந்த ஆயிரக்கணக்கானவர்கள் தெற்கே போக வழியே இருந்திருக்காது.

இரண்டு நாள் கழித்து, மே 27 காலை, சூடா விரிகுடாவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளமான சாலை. முன்பு அங்கே முகாமிட்டிருந்த ஒரு பொறியாளர் கம்பெனியின் எண்ணை வைத்துச் சிப்பாய்கள் அதை 42-வது தெரு என்று கூப்பிட்டார்கள். களைத்துப்போன நியூசிலாந்து, ஆஸ்திரேலிய பட்டாலியன்கள் அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தன. ஜெர்மன் மலைப்படை பட்டாலியன் ஒன்று அவர்கள் இருப்பது தெரியாமல் நெருங்கி வந்தது. இந்த முறை யாரும் யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நெருங்க விட்டுத் திடீரென்று எழுந்தார்கள். மாவோரிகள் ஹக்கா என்ற தங்கள் போர் முழக்கத்தோடு கிளம்ப, பக்கத்திலிருந்த ஆஸ்திரேலியர்களும் மற்றவர்களும் கூடவே பாய்ந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஜெர்மானியர்கள் அங்கே செத்தார்கள், மற்றவர்கள் ஓடினார்கள். அன்று முழுக்க அந்தப் பக்கம் யாரும் நெருங்கவில்லை.

ரெதிம்னோவில் கேம்பல் கடைசிவரை ஓடுபாதையை விடவில்லை. பெரிவோலியா என்ற ஊரில் மேற்குப் பக்கம் மாட்டியிருந்த ஜெர்மானியர்களை விரட்ட அவருடைய 2/11-வது பட்டாலியன் திரும்பத் திரும்ப முயன்றது. அதில் ஒரு தாக்குதலில், பிரென் என்ற ஓர் இலகு இயந்திரத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் விழ, பின்னால் வந்தவர் எடுத்துக்கொண்டு ஓடினார். அவரும் விழ, அடுத்தவர் எடுத்தார். அந்தத் துப்பாக்கி இப்படிக் கை மாறி மாறி எதிரியின் வேலி வரைக்கும் ஏறக்குறைய போய்விட்டது. அந்தக் குழுவில் தலைக்கவசத்தில் அடிபட்டு மயங்கிப் பிறகு ஒரு கிணற்றுக்குள் குதித்த ஒருவர் பிழைத்தார். பின்வாங்கச் சொல்லும் உத்தரவு ரெதிம்னோவுக்குப் போய்ச் சேரவே இல்லை. சாப்பாடு தீர்ந்து, மேற்கிலிருந்து டாங்குகள் வந்த பிறகு மே 30-ல் கேம்பல் சரணடைந்தார். அதுவரை அவர் காவலில் 500 ஜெர்மன் கைதிகள் இருந்தார்கள். அவருடைய சக தளபதி சாண்டோவர் தன் ஆட்களை மலைக்குள் போய்த் தப்பச் சொன்னார். கிரீட் மக்கள் அவர்களை ஒளித்து வைத்துச் சோறு போட்டார்கள். ப்ரெவெலி மடாலயத்துக் கரையிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் சாண்டோவரும் மற்றவர்களும் எகிப்து போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த மக்களுக்கு நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. ஷெர்பரின் பட்டாலியன் அழிந்த தோப்புகளுக்குப் பக்கத்து ஊர் கொண்டோமாரி. ஜூன் 2-ல் பாராசூட் வீரர்கள் அந்த ஊரின் ஆண்களை ஒலிவத் தோப்பில் நிறுத்திச் சுட்டார்கள். அதைக் கூட வந்த ஜெர்மன் புகைப்படக்காரர் ஒருவர் படம் எடுத்து வைத்ததால் உலகத்துக்குத் தெரிந்தது. மறுநாள் கண்டானோஸ் என்ற ஊரையே தரைமட்டமாக்கினார்கள். வந்த ஜெர்மன் படைகளை எதிர்த்து ஊர் மக்கள் சண்டை போட்டதற்குக் கிடைத்த பதில் அது.

ஜெர்மானியர்கள் தீவைப் பிடித்தார்கள், ஆனால் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 4,000 பேருக்கு அருகில் இழந்தார்கள். பாராசூட் படைகளின் காலம் முடிந்துவிட்டது என்று ஹிட்லர் ஷ்டூடன்ட்டிடம் சொன்னார். அப்படி ஒரு பெரிய வான்வழித் தாக்குதலை அதற்குப் பிறகு ஜெர்மனி நடத்தவில்லை.

மே 21 இரவில் நேரத்துக்கு வந்து சேர முடியாமல் போன 2/7-வது ஆஸ்திரேலிய பட்டாலியனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் வராததைப் பற்றி மட்டுமே பலர் எழுதுகிறார்கள். 42-வது தெருவில் மாவோரிகளோடு சேர்ந்து பாய்ந்தது அவர்கள்தான். தீவை விட்டுக் கப்பல் ஏறுவதற்காக வெள்ளை மலைகளைத் தாண்டித் தெற்கே ஸ்ஃபாகியா கரைக்குப் படை இறங்கியபோது, கடைசி வரை பின்காவலாக நின்றதும் அவர்கள்தான். கப்பல் ஏற அவர்கள் கரைக்கு வந்தபோது முன்னால் கூட்டம் பாதையை அடைத்துக்கொண்டிருந்தது. சிலர் மட்டுமே ஏறினார்கள், கப்பல்கள் கிளம்பிவிட்டன. மே 31 இரவோடு எல்லாம் முடிந்தது. மிச்சமிருந்தவர்கள் சார்பில் சரணடையும் பொறுப்பு அந்தப் பட்டாலியனின் தலைவர் தியோ வாக்கரின் தலையில் வந்து விழுந்தது. ஜூன் 1 காலை அவர் மேட்டுக்கு ஏறிப் போய் ஓர் ஆஸ்திரிய அதிகாரியைச் சந்தித்தார். ஆஸ்திரேலியா, உனக்கு இங்கே என்ன வேலை என்று அந்த அதிகாரி கேட்டார். ஆஸ்திரியா, உனக்கு இங்கே என்ன வேலை என்று வாக்கர் திருப்பிக் கேட்டார். நாங்கள் எல்லோரும் ஜெர்மானியர்கள் என்றார் அவர்.